வேடமும் வெளிப்பாடும்: பகுரூபிக் கலையில் காண்போர் நிலை

முன்னுரை

வேடம் புனைந்து பொதுவிடத்தில் நிகழ்த்தப்பெறும் கலைகளைத் தமிழாய்வாளர் நோக்கும்பொழுது, கூத்துக்களத்தை மையமாகக் கொண்டு நோக்குவதே பெருவழக்காக உள்ளது. களரியின் அமைப்பு, ஒப்பனை, அடவு, பாட்டு, கதைப்பகுதி என்னும் வரிசையில் ஆய்வு நகர்கிறது. களமே இல்லாத வேடக்கலை ஒன்று உண்டாயின், இவ்வரிசை அதற்குப் பொருந்துமா என்னும் வினா எழுகிறது. வங்காளத்தில் பகுரூபி என்றும், இந்தி வழங்கும் பகுதிகளில் பெஹ்ரூபியா என்றும், ஆந்திரத்தில் பகடி வேஷலு என்றும், கன்னட நாட்டில் ஹகலு வேஷ என்றும் அறியப்படும் கலை அத்தகையது. இதற்கு மேடை இல்லை, திரை இல்லை, தொடக்கத்தை அறிவிக்கும் கட்டியக்காரனும் இல்லை. கடைவீதியிலும் இரயில் பெட்டியிலும் வீட்டு முற்றத்திலும் ஒரு புலியோ, காவலரோ, காளியோ, பித்தனோ திடீரெனத் தோன்றுகிறார். காண்போர் ஏமாறுகின்றனர், பின்னர் அறிகின்றனர், நகைக்கின்றனர், காசு தருகின்றனர்.

எளிய கேளிக்கையாகத் தோன்றும் இக்கலையின் உயிர்நிலை வேடத்தில் இல்லை; வேடம் வெளிப்படும் கணத்தில் காண்போர் கொள்ளும் நிலையில்தான் உள்ளது என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. சரத்சந்திரர், சுபோத் கோஷ் ஆகிய இரு வங்க எழுத்தாளர்களின் படைப்புகளும், ரித்விக் கட்டக்கின் திரைப்படம் ஒன்றும் சான்றுகளாக அமைகின்றன. தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு இத்தகைய ஒப்பாய்வு இயல்பான கடமை எனலாம்.

மூவகை வேடம்

வேடங்களை அவற்றின் வெளிப்பாடு நிகழும் காலத்தை அடிப்படையாகக் கொண்டு மூவகைப்படுத்தலாம். முதலாவது, வெளிப்படாதிருப்பதையே நோக்கமாகக் கொண்ட வேடம். திருக்குறள் கூடாவொழுக்க அதிகாரத்தில் புலியின் தோலைப் போர்த்துப் பயிர் மேயும் பசுவை உவமை காட்டிக் கடிவது இதனையே. இவ்வேடம் வெளிப்பட்டால் வேடதாரி தோற்றவனாகிறான்.

இரண்டாவது, தொடங்கும் முன்னரே வெளிப்பட்டுவிட்ட வேடம். அரங்கக் கலைகள் அனைத்தும் இவ்வகையின. சிலப்பதிகார அரங்கேற்று காதை அரங்கின் அளவுகளையும், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூவகைத் திரைகளையும் விரித்துரைக்கிறது. எழினி விலகும்பொழுதே 'இது ஆடல்' என்னும் உடன்பாடு ஏற்பட்டுவிடுகிறது. அரங்கில் புலியைக் கண்டு எவரும் ஓடுவதில்லை.

மூன்றாவது, நிகழ்ந்த பின்னர் வெளிப்படும் வேடம். பகுரூபிக் கலை இவ்வகையில் அடங்கும். தொடக்கத்தில் இது முதல் வகையைப் போல் நம்பவைக்கிறது. முடிவில் இரண்டாம் வகையைப் போல் ஆடலெனத் தெரியவருகிறது. ராஜஸ்தானத்துக் கலைஞர்கள் ஓர் ஊரில் சில நாள்கள் தங்கி, நாள்தோறும் ஒரு வேடம் புனைந்து உலவி, இறுதியில் தம் இயல்பான உருவில் கடைதோறும் சென்று பரிசில் பெறும் முறை இவ்வமைப்பைத் தெளிவாகக் காட்டும். வேடத்துடன் வந்தபொழுது பெற்றிருந்தால் அது வஞ்சனை. வேடம் களைந்து வந்து பெறுவதால் அது பரிசில்.

தமிழ் வழக்கு இவ்வேறுபாட்டை முழுதும் காக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. கூத்தரை 'வேஷம் கட்டுபவர்' என்றும், போலியரை 'வேஷம் போடுபவர்' என்றும் பேச்சு வழக்கு பெரும்பாலும் பிரித்தே சுட்டுகிறது. ஆயினும் 'பகல் வேடம்' என்னும் தொடர், ஒரு கலையின் பெயராக இருப்பதுடன், போலித்தனத்தைப் பழிக்கும் சொல்லாகவும் வழங்குகிறது. மூன்றாம் வகை வேடத்தை முதல் வகையுடன் மயங்கக் கொண்டதன் விளைவு இது. இம்மயக்கம் சொல் வழக்குடன் நிற்பதில்லை என்பது பின்னர்க் காட்டப்பெறும்.

தமிழ் மரபில் வீதியும் காண்போரும்

வீதியில் வேடம் காணல் தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. சிலப்பதிகாரக் கடலாடு காதை சுட்டும் பதினோராடல்களுள் காமன் ஆடிய பேடியாடல் ஒன்று. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், மணிமேகலையும் சுதமதியும் செல்லும் புகார் வீதியில் இதே பேடிக் கோலத்து ஆடல் நிகழ்கிறது. அதற்குச் சற்று முன்னர், கந்தையும் பூவும் தழையும் அணிந்து, அழுதும் விழுந்தும் பிதற்றியும் தன் நிழலோடு பூசலிட்டும் திரியும் பித்தன் ஒருவனைச் சாத்தனார் காட்டுகிறார்.

இப்பகுதியில் சாத்தனார் கைக்கொண்ட தொடரமைப்பு கருதத்தக்கது. ஒவ்வொரு காட்சியும் அதனைக் கண்டு நிற்போரைச் சுட்டும் வினையாலணையும் பெயரில் முடிகிறது. அவர் நிரல்படுத்துவது வீதியில் நிகழ்வனவற்றை மட்டுமன்று; காண்போர் கூட்டங்களையும்தான். பித்தனின் துயரத்தைக் கண்டு நிற்போரும் பேடியின் ஆடலைக் கண்டு நிற்போரும் ஒரே வீதியில் அடுத்தடுத்து நிற்கின்றனர். உண்மைத் துயரமும் புனைந்த கோலமும் வீதியில் ஒரே வகைக் காட்சிப்பொருளாகிவிடும் இடர் அங்கேயே குறிப்பால் உணர்த்தப்பெற்றுள்ளது எனலாம். வேடக்கலையைக் காண்போர் வழியாக ஆராயும் முறைக்கு இக்காதை நல்ல முன்மாதிரியாகும்.

அச்சத்திலிருந்து நகைக்கு

தொல்காப்பியர் அச்சத்திற்குக் கூறும் நிலைக்களன்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. பகுரூபிகளின் வேடத்தொகுதியை இந்நான்குடன் ஒப்பிட்டால் வியக்கத்தக்க பொருத்தம் புலனாகிறது. காளி அணங்கின்பாற்படும், புலி விலங்கின்பாற்படும், கொள்ளையர் கள்வரின்பாற்படுவர், காவலரும் அதிகாரியும் இறையின்பாற்படுவர். ஒன்று மற்றொன்றிலிருந்து தோன்றியது என்று இங்குக் கூறவில்லை. மாந்தர் எவற்றிற்கு அஞ்சுவர் என்பதைத் தொல்காப்பியர் இலக்கணமாக வகுத்தார். பகுரூபிகள் அதனையே தொழிலின் வழி கண்டறிந்தனர்.

எனினும் அச்சுறுத்தல் இக்கலையின் முடிவன்று. அச்சம் நகையாகத் திரிய வேண்டும். நகைக்குத் தொல்காப்பியர் கூறும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளல் ஒன்று. இதற்கு உரை வகுத்த பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் தான் எள்ளப்பட்டவழி நகுதல் என எள்ளலை இரண்டாகப் பகுக்கிறார். இப்பகுப்பே பகுரூபிக் கலைக்குத் திறவுகோலாகிறது. மேடை நகைச்சுவை பெரும்பாலும் முதல் வகை எள்ளலால் இயங்குகிறது. காண்போர் பாத்திரத்தைப் பார்த்து நகைக்கின்றனர். பகுரூபிக் கலை இரண்டாம் வகையை வேண்டி நிற்கிறது. ஏமாந்தவன் தான் ஏமாந்ததற்கே நகைக்க வேண்டும். அவன் நகைத்தால் கலை நிறைவுறும். சினந்தால் கலைஞன் அடிபடுவான். ஆகவே இக்கலையில் வெற்றியும் தோல்வியும் கலைஞனின் திறனை மட்டும் பொறுத்தவையல்ல. காண்போரின் உள்ளப் பக்குவத்தையும் பொறுத்தவை.

வெட்டப்பட்ட வால்

இரண்டாம் வகை எள்ளலைத் தாங்க இயலாத காண்போர்க்குச் சரத்சந்திர சட்டோபாத்யாயரின் 'ஸ்ரீகாந்தன்' முதற்பகுதியில் (1917) சான்று கிடைக்கிறது. இரவில் சிறுவர்கள் பாடம் படித்துக்கொண்டிருக்கும் வீட்டிற்குள் புலி ஒன்று புகுந்துவிட்டதாகப் பெருங்கூச்சல் எழுகிறது. கண்டிப்பு மிக்க அண்ணன் முதலாக அனைவரும் நிலைகுலைகின்றனர். இந்திரநாதன் என்னும் துணிவுள்ள சிறுவன் விளக்குடன் நெருங்கிப் பார்க்க, அது ஆண்டுதோறும் அவ்வீட்டிற்கு வந்து வேடங்காட்டும் ஸ்ரீநாத் என்னும் பகுரூபி எனத் தெரியவருகிறது. உண்மையில் அவனே கூச்சலுக்கு அஞ்சி மரத்தின் மறைவில் ஒளிந்திருந்தான். வீட்டுத் தலைவர் அவனுடைய வாலை வெட்டுமாறு ஆணையிடுகிறார். துணி சுற்றிய வைக்கோல் வால் வெட்டப்படுகிறது.

இப்பகுதியைப் படிப்போர் நகைக்கின்றனர். ஆனால் கதைக்குள் இருக்கும் பெரியவர்க்கு நகை தோன்றவில்லை. அச்சம் வெகுளியாகத் திரிகிறது. வெகுளியின் நிலைக்களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் உறுப்பறையைக் கூறுவார். இங்கு வெகுண்டவரே உறுப்பறையில் இறங்குகிறார். அறுபடுவது மெய்யுறுப்பன்று, வேடத்தின் உறுப்பு. இச்செயல் விளையாட்டாகத் தோன்றினும் அதன் பொருள் கடுமையானது. ஏமாந்ததை ஒப்புக்கொள்ள இயலாத தலைமை, தன்னை ஏமாற்றிய கருவியை அழித்துத் தன் நிலையை மீட்டுக்கொள்கிறது. ஸ்ரீநாத் கைகூப்பி நிற்கிறான். வைக்கோல் வால் அவனுடைய தொழிற்கருவி. அதனை அவன் மீண்டும் செய்துகொள்ள வேண்டும் என்பதைப் படிப்போர் நகையினூடே மறந்துவிடலாகாது. புரவலரின் பொறுமையை நம்பி வாழும் கலை எத்துணை நொய்மையானது என்பதை அவ்வால் உணர்த்துகிறது.

ஹரியின் மறுப்பு

சுபோத் கோஷின் 'பகுரூபி' என்னும் சிறுகதை இச்சிக்கலை மறுபுறமிருந்து அணுகுகிறது. வறியவனான ஹரி, நேரம் குறித்த வேலையில் ஒன்ற இயலாமல் இடையிடையே பகுரூபியாகி வாழ்பவன். பேருந்து நிலையத்தில் பித்தனாகத் தோன்றிப் பயணிகளை நடுங்கச் செய்கிறான். அவனை அடையாளம் கண்ட பேருந்து ஓட்டுநர் அதட்ட, அச்சம் நகையாகிறது. மணிமேகலை வீதியில் உண்மைப் பித்தன் காட்சிப்பொருளானான். இங்குக் காட்சி காட்டுபவன் உண்மைப் பித்தனாகக் கொள்ளப்படுகிறான். இரு வீதிகளையும் சேர்த்து நோக்கினால், பித்தரைக் காண்போரின் பார்வை எத்துணை எளிதில் அருவருப்புக்கும் கேளிக்கைக்கும் இடையே மாறுகிறது என்பது விளங்கும்.

மற்றொரு நாள் ஹரி காவலர் வேடத்தில் லிச்சித் தோட்டத்தில் நின்று பள்ளிச் சிறுவர் நால்வரைப் பிடித்துக்கொள்கிறான். பள்ளி ஆசிரியர் வந்து மன்னிப்புக் கேட்டு, எட்டணா கையூட்டும் தந்து சிறுவரை மீட்டுச் செல்கிறார். பின்னர் உண்மை அறிந்த ஆசிரியர் சினங்கொள்ளவில்லை. வேடத்தின் திறனைப் பாராட்டவே செய்கிறார். பேராசிரியர் கூறும் இரண்டாம் வகை எள்ளலுக்கு இவ்வாசிரியரைவிடச் சிறந்த இலக்கியம் கிடைப்பது அரிது. அவர் ஏமாந்தது மட்டுமன்றி, கையூட்டுத் தரும் தம் இயல்பும் வெளிப்பட்டுவிட்டது. ஆயினும் நகைக்கிறார். சரத்சந்திரர் காட்டும் பெரியவரிடம் இல்லாத பக்குவம் இவரிடம் உள்ளது.

கதையின் உச்சம் துறவி வேடத்தில் அமைகிறது. செல்வரான ஜகதீச பாபுவின் இல்லத்திற்கு ஹரி பற்றற்ற துறவியாகச் செல்கிறான். அவர் நெகிழ்ந்து, தீர்த்த யாத்திரைக்காக நூற்றொரு ரூபாயைக் காலடியில் வைக்கிறார். ஹரி அதனைத் தொடாமல் திரும்பிவிடுகிறான். வீட்டில் உலை வைக்க அரிசிக்கே தட்டுப்பாடு. நண்பர்கள் வினவியபொழுது, துறவியாக நின்று பணத்தைத் தொட்டிருந்தால் தன் வேடம் கெட்டிருக்கும் என்னும் கருத்தில் விடையிறுக்கிறான். பின்னர் ஒரு நாள் பகுரூபியாகச் சென்று சிறு வெகுமதி கேட்டுக்கொள்வதாகவும் கூறுகிறான்.

இம்மறுப்பைத் துறவுணர்வு என்று போற்றுவது எளிது. ஆனால் கதை அவ்வாறு கூறவில்லை. ஹரி துறவியல்லன், தன் தொழிலின் விதியை அறிந்தவன். மூன்றாம் வகை வேடத்தில் ஊதியம் வெளிப்பாட்டிற்குப் பின்னரே பெறத்தக்கது. வெளிப்படுமுன் பெற்றால் அவ்வேடம் கூடாவொழுக்கமாகிவிடும். எட்டணாவைக் காவலராக நின்று பெற்றவன் நூற்றொரு ரூபாயைத் துறவியாக நின்று ஏன் பெறவில்லை என்னும் வினாவிற்கும் இங்கு விடையுண்டு. கையூட்டுப் பெறுதல் அவன் காட்டிய காவலர் பாத்திரத்திற்குப் பொருந்தும். பொருள் பெறுதல் துறவிக்குப் பொருந்தாது. நுண்மையான இவ்வறம் ஏழ்மையின் நடுவே காக்கப்படுவதே கதையின் துயரம். பரிசில் கேட்கச் செல்லும் ஹரிக்கு ஜகதீச பாபு எவ்வளவு தருவார் என்பது படிப்போர் அறிந்ததே. துறவிக்கு நூற்றொன்று தருபவர் கலைஞனுக்குச் சில காசுகளே தருவார்.

வேடத்தைக் காப்பவர் யார்?

வேடத்தின் மதிப்பைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவைப் பெரியபுராணமும் எழுப்புகிறது. மெய்ப்பொருள் நாயனாரை வெல்ல இயலாத முத்தநாதன் சிவனடியார் வேடம் பூண்டு, ஏட்டுக்கட்டினுள் படைக்கருவியை மறைத்து வந்து அவரைக் குத்துகிறான். அந்நிலையிலும் நாயனார் அவ்வேடத்தை மதித்து, அவனுக்கு ஊறு நேராமல் காக்குமாறு தத்தனைப் பணிக்கிறார். அணிந்தவன் வேடத்தைக் கெடுத்தான். கண்டவர் அதனைக் காத்தார்.

ஔரங்கசீப்பிடம் துறவி வேடத்தில் சென்ற பெஹ்ரூபியா ஒருவன், அரசர் அளித்த பெரும்பொருளை வேடத்திற்கு இழுக்கு நேரும் என்று மறுத்து, உருவை வெளிப்படுத்திய பின்னரே பரிசு பெற்றதாக ஒரு செவிவழிக்கதை வட இந்தியாவில் வழங்குகிறது. வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளத்தக்கதன்று எனினும், கலைஞர் மரபு தன்னைப் பற்றிக் கூறிக்கொள்ளும் இலக்கணமாக இதனைக் கொள்ளலாம். ஹரியின் மறுப்பும் இதே மரபினது. இங்கு வேடத்தைக் காப்பவன் அதனை அணிந்தவன். பெரியபுராணத்தில் பத்தி காண்போரின் கடமையாகிறது. பகுரூபி மரபில் நேர்மை கலைஞனின் கடமையாகிறது. வேடம் பொய் எனினும் அதற்கு உண்மையாக நடத்தல் வேண்டும் என்னும் கொள்கை இவ்விரண்டிற்கும் பொதுவாகும்.

கலையின் எல்லை

இதனால் பகுரூபிக் கலை எல்லா நிலையிலும் குற்றமற்றது என்று கொள்ள வேண்டுவதில்லை. ரித்விக் கட்டக்கின் 'சுபர்ணரேகா' (1965) என்னும் திரைப்படத்தில், கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் தனியே திரியும் சிறுமி சீதையின் எதிரே காளி வேடத்துப் பகுரூபி வந்து நிற்கிறார். அணங்கின் அச்சம் சிறுமியைப் பற்றுகிறது. அது நகையாகத் திரிவதில்லை. வேடம் என அறிவதற்குரிய அகவையோ, உடன் நின்று நகைக்கும் கூட்டமோ அவளுக்கு இல்லை. நாட்டுப் பிரிவினையால் வீடிழந்த குழந்தையின் பின்வாழ்வு முழுவதற்கும் அவ்வச்சம் முன்னறிகுறியாகிவிடுகிறது.

இக்காட்சி கலையின் எல்லையைத் தெளிவாக வரையறுக்கிறது. தான் எள்ளப்பட்டவழி நகுதற்கு ஓரளவு பாதுகாப்பான வாழ்வு வேண்டும். அது உடையோரிடத்து எள்ளல் நகையாகும், இல்லாரிடத்து ஊறாகும். நாடோடிப் பெண்டிர், சிறுவணிகர், பித்தர் போன்றோரின் வேடங்களைப் புனையும்பொழுதும் இவ்வினா எழுகிறது. அங்குக் காண்போர் தாம் ஏமாந்ததற்கு நகைக்கின்றனரா, வேடத்திற்கு மூலமான எளியோரைப் பார்த்து நகைக்கின்றனரா என்று பிரித்தறிதல் வேண்டும். முன்னது இக்கலையின் வலிமை. பின்னது அதன் வீழ்ச்சி.

சட்டமும் விழாவும்

'பகல் வேடம்' என்னும் சொல்லில் கண்ட மயக்கம் சட்டத்திலும் உண்டு. 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பொதுவிடத்தில் பாடல், ஆடல், நிகழ்த்துதல் முதலியவற்றைச் சாக்காகக் கொண்டு பொருள் கேட்டலையும் பிச்சை என்றே வரையறுத்தது. இச்சட்டம் 1960இல் தில்லிக்கும் விரிவாக்கப்பட்டது. பிச்சையெடுத்தலைக் குற்றமாக்கும் அதன் பிரிவுகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018இல் செல்லாதென அறிவித்தது. எனினும் அத்தீர்ப்பு தில்லி அளவில் மட்டுமே நேரடியாகப் பொருந்துவது. அரசு ஊழியரின் உடையை, தாம் அவ்வகை ஊழியர் என நம்பப்பட வேண்டும் என்னும் நோக்கத்துடனோ, நம்பப்படக்கூடும் என அறிந்தோ அணிதல், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 171ஆம் பிரிவின்படியும், 2024 சூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 205ஆம் பிரிவின்படியும் குற்றமாகும். பிரிவின் தலைப்பு மோசடி நோக்கத்தைச் சுட்டினும், அதன் உடற்பகுதி நம்பவைத்தலையே அளவாகக் கொள்கிறது. நம்பவைத்தலோ பகுரூபியின் கலைத்திறன். நம்பவைத்துப் பின் வெளிப்படுத்தலுக்கும் நம்பவைத்து மறைந்துபோதலுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவையில் இடம்பெறவில்லை. தோட்டத்தில் காவலராக நின்ற ஹரியை இன்று காப்பது பள்ளி ஆசிரியரின் நகை ஒன்றே.

மறுபுறம் இக்கலைக்குப் பெருமையும் கிடைத்துள்ளது. 1985இல் வாசிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் நடத்திய நாட்டார் வாழ்வியல் விழாவின் 'மேளா' என்னும் இந்தியப் பகுதியில் பகுரூபிகளும் இடம்பெற்றனர். ராஜஸ்தானின் பீல்வாடாவைச் சேர்ந்த பெஹ்ரூபியாக் கலைஞர் ஜானகிலால் 2024இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் விழாக்களில் பகுரூபிக்கு நேரமும் இடமும் ஒதுக்கி, 'இவர் பகுரூபிக் கலைஞர்' என்று அறிவித்துவிட்டால், வேடம் முன்னரே வெளிப்பட்டுவிடுகிறது. கலை இரண்டாம் வகைக்கு மாறிவிடுகிறது. காண்போர் உடன் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர், எவரும் ஏமாறுவதில்லை, ஆதலின் எவரும் தம்மைக் குறித்து நகைக்க வேண்டுவதுமில்லை. சட்டம் இக்கலையை முதல் வகையாகக் கருதி விலக்க, விழா இரண்டாம் வகையாக்கிப் போற்றுகிறது. இரண்டிலும் மூன்றாம் வகைக்கு இடமில்லாமற்போகிறது. விழா ஊதியத்தால் ஒரு குடும்பம் வாழ்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உடை, ஒப்பனை ஆகியவற்றைக் காத்துவிட்டால் கலையைக் காத்துவிட்டதாகக் கொள்வது பொருந்தாது.

முடிவுரை

பகுரூபிக் கலையை அழிந்துவரும் நாட்டார் கலைகளின் பட்டியலில் ஒன்றாகச் சேர்த்து இரங்குவதைவிட, அது காண்போரிடம் வேண்டி நிற்கும் பண்பை ஆராய்வது பயனுடையது. அப்பண்பு, தான் எள்ளப்பட்டவழித் தானே நகுதல். பள்ளி ஆசிரியரிடம் அது இருந்தது. வாலை வெட்டியவரிடம் இல்லை. சீதையிடம் அதனை எதிர்பார்த்தல் முறையன்று. இம்மூன்று நிலைகளையும் பிரித்தறிய மெய்ப்பாட்டியலும் பேராசிரியர் உரையும் துணைபுரிகின்றன. செய்யுளாய்வுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்படும் மெய்ப்பாட்டியல், வீதிக் கலைகளின் திறனாய்வுக்கும் கருவியாகும் என்பது இதனால் பெறப்படும்.

ஆந்திர, கன்னடப் பகல்வேடக் கலைஞர்கள் தமிழகத்தோடு கொண்ட தொடர்பு, அவர்தம் வேடங்களின் வெளிப்பாட்டு முறை, பரிசில் பெறும் முறை ஆகியன களஆய்வின்வழித் தொகுக்கப்பெறல் வேண்டும். அவ்வாய்வில் வேடங்களின் பெயர்ப்பட்டியலோடு, அவற்றைக் கண்டோர் எப்பொழுது அறிந்தனர், அறிந்தபின் யாது செய்தனர் என்னும் செய்திகளும் பதிவாகுமாயின், இக்கலையின் உயிர்நிலை ஆவணத்திலேனும் எஞ்சி நிற்கும்.